மெடலைச் சுவரில் மாட்டுங்கள், சான்றிதழை ஃபைலில் வையுங்கள்

(நமது சங்கக் கூட்ட அறையில் ஜூன் மாதம் ஒரு ஞாயிறு மாலை, 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பேசியது. காலாண்டு இதழுக்கு வேண்டுமென்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசும்போது விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் இந்தப் புழுக்கத்தில், இத்தனை பேர் மாடியை விட்டு இறங்கி வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் பேச ஒப்புக்கொண்டேன். ஆனால் பேச்சில் பாதி பின்வரிசைக்கு, அதாவது அப்பா அம்மாக்களுக்கு.

நான் விளையாட்டு வீரன் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படித்த மூன்று வருடமும் அங்கிருக்கும் பெரிய மைதானத்தைச் சைக்கிளில் கடந்து போனதுதான் என் விளையாட்டு அனுபவம். அதற்குப் பிறகு வங்கியில் கிளார்க் வேலை. சிதம்பரத்திலும் கடலூரிலுமாக மாறி மாறி இருந்து, கவுண்டரிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். "விளையாட்டைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி?" என்று என் மனைவியே கேட்டாள். தகுதி ஒன்றுதான். இந்த விஷயத்தில் நான் செய்த தப்பை இந்தக் குடியிருப்பில் வேறு யாரும் செய்துவிடக் கூடாது.

என் பையன் வாலிபால் ஆடுவான். ஒன்பதாம் வகுப்பிலேயே என்னைவிட அரை அடி உயரம். சாயங்காலம் ஆனால் தேவனாம்பட்டினம் பக்கம் போய் மணலில் குதித்துக்கொண்டிருப்பான். அவனுடைய பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர் ஒருநாள் வங்கிக்கே வந்து, "சார், பையனுக்கு நல்ல கை. பன்னிரண்டாவது வரைக்கும் விட்டுப் பிடியுங்கள், கல்லூரியில் இடம் தேடி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2006இல் அவன் பதினொன்றாம் வகுப்பு. வெளி மாநிலத்தில் "தேசிய அளவிலான" போட்டி என்று ஒரு அமைப்பிலிருந்து ஆள் வந்தார். நுழைவுக் கட்டணம், ரயில், தங்குமிடம், ஜெர்சி எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். அதே தேதியில்தான் பள்ளிக் கல்வித் துறையின் வருவாய் மாவட்டப் போட்டியும் வந்தது. உடற்கல்வி ஆசிரியர் கெஞ்சாத குறையாகச் சொன்னார், "சார், மாவட்டத்தை விட்டுவிடாதீர்கள்" என்று. நான் பெரிய புத்திசாலி மாதிரி, "மாவட்டம் பெரிதா, தேசியம் பெரிதா சார்?" என்று திருப்பிக் கேட்டேன். பையன் போனான். தங்க மெடலோடு வந்தான். கிளை முழுக்க லட்டு கொடுத்தேன். அவன் இல்லாமலே பள்ளி அணி மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலப் போட்டிக்குப் போய்வந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

2008இல் பன்னிரண்டாவது முடிந்து, விளையாட்டுப் பிரிவில் பொறியியலுக்கு விண்ணப்பித்தோம். சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் இருந்தவர் அந்தத் தேசியச் சான்றிதழைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, ஓரமாக வைத்துவிட்டார். நடத்திய அமைப்பு அங்கீகாரம் பெற்றதில்லை என்றார். இன்னொரு சான்றிதழ் பத்தாம் வகுப்பில் வாங்கியது. அதில் பெயருக்கு முன்னால் தப்பான இனிஷியல், பிறந்த தேதி எழுதவேண்டிய இடம் காலி. முப்பது வருடத்துக்குமேல் கவுண்டரில் உட்கார்ந்து, கையெழுத்து ஒரு கோணல் இருந்தாலும் செக்கைத் திருப்பி அனுப்பியவன் நான். சொந்தப் பையனுடைய காகிதத்தை ஒருமுறை கூட எடுத்துப் பார்க்கவில்லை.

பொதுக் கலந்தாய்வில் எங்கோ ஒரு கல்லூரி கிடைத்தது. அங்கே வாலிபால் கோர்ட் கிடையாது. அவன் பிறகு ஆடவில்லை. இன்றுவரை இதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகளே, பள்ளி விளையாட்டு என்பது ஏணி. முதல் படி குறுவட்டப் போட்டி. அடுத்தது வருவாய் மாவட்டம். அதற்கு மேல் மாநிலம். பாரதியார் தின விளையாட்டுப் போட்டி, குடியரசு தின விளையாட்டுப் போட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அவை இந்த ஏணியில்தான் வருகின்றன. மாநில அணியில் இடம் கிடைத்தால் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டி. இது ஒரு பாதை. இரண்டாவது பாதை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருக்கிற மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசியக் கூட்டமைப்பு. மூன்றாவது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிற முதலமைச்சர் கோப்பை. பள்ளிப் பிரிவில் 12 வயது முதல் 19 வரை, கல்லூரிப் பிரிவில் 17 முதல் 25 வரை கலந்துகொள்ளலாம். ஆன்லைனில் பெயர் பதிய வேண்டும். கடைசி நாளில் சர்வர் படுத்துவிடும், முன்கூட்டியே பதியுங்கள்.

இந்த மூன்று பாதைகளுக்கு வெளியே "நேஷனல்", "இன்டர்நேஷனல்" என்று பெயர் வைத்துக்கொண்டு, பணம் கட்டினால் போதும் என்று யாராவது கூப்பிட்டால், ஊர் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் போய்வாருங்கள். சான்றிதழுக்காகப் போகாதீர்கள். மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற தேசியக் கூட்டமைப்புகளின் பட்டியல் இருக்கிறது. அழைப்பு வந்தால் முதலில் அதில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நம் அண்ணா ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. நேரில் போய்க் கேட்டால் சொல்வார்கள். எனக்கு 2006இல் இது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சான்றிதழைக் கையில் வாங்கிய அன்றே ஐந்து நிமிடம் செலவு செய்யுங்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் இருக்கிற மாதிரியே இருக்கிறதா? பிறந்த தேதி? எந்த வயதுப் பிரிவு, எந்தத் தேதி, எந்த ஊர், எந்த இடம் பெற்றார்கள்? கையெழுத்தும் முத்திரையும்? இதில் ஒன்று தவறி இருந்தாலும் அந்த வாரமே திருத்தி வாங்கிவிடலாம். மூன்று வருடம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போயிருப்பார், சங்கத்தில் வேறு செயலாளர் வந்திருப்பார். லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் யாராவது மேலொப்பம் போடவேண்டி வரும், பிளாஸ்டிக் மேல் முத்திரை ஒட்டாது. ஸ்கேன் எடுத்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெயில் அனுப்பி வையுங்கள். நம் ஊரில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருவது எல்லோருக்கும் தெரியும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயதுப் பிரிவில் ஆடினால் சுலபமாக ஜெயிக்கலாம் என்று பிறந்த தேதியை மாற்றிக் காட்டுகிற பழக்கம் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். பிடிபட்டால் வாங்கிய எல்லாமே போய்விடும்.

இதெல்லாம் எதற்கு என்று பின்வரிசையில் ஒரு முகம் கேட்கிறது. சொல்கிறேன். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ்.ஸில் 7. அந்த ஏழை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம், அதற்கு நீட்டும் எழுத வேண்டும், விளையாட்டிலும் உச்சத்தில் இருக்க வேண்டும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், நம் தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரியானாலும் சரி, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் சி.முட்லூர் கல்லூரியானாலும் சரி, விளையாட்டு வீரர்களுக்குச் சிறப்புப் பிரிவு உண்டு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். தரவரிசை வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், நாம் போகும்போது மேஜையை மடக்கிக்கொண்டிருப்பார்கள். விண்ணப்பத்திலேயே விளையாட்டுப் பிரிவைக் குறிக்க வேண்டும். சான்றிதழ் எந்தப் படிவத்தில், எந்தத் தேதிக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது அந்தந்த வருடத் தகவல் கையேட்டில் இருக்கும். போன வருடத்துக் கையேட்டை வைத்துக்கொண்டு தயார் செய்யாதீர்கள்.

இப்போது கல்லூரி விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். இதைத்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. கல்லூரிகளுக்குள் முதலில் போட்டி. அதில் ஆடுகிறவர்களிலிருந்து பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும், அங்கிருந்து அகில இந்தியப் போட்டி. இதையெல்லாம் நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். அதற்கு மேல் 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். கடலூர் மாவட்டக் கல்லூரிகள் முன்பு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, இப்போது அண்ணாமலையின் கீழ் வந்துவிட்டன. ஆகவே நம் தெருவிலிருந்து தேவனாம்பட்டினத்துக்குப் படிக்கப் போகிற பெண்ணும் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு ஆடலாம். ஆனால் வாலிபாலுக்குப் பன்னிரண்டு பேர்தான். அத்தனை கல்லூரிகளிலிருந்தும் வருகிறவர்களில் பன்னிரண்டு பேர். பள்ளியில் நீங்கள் ராஜாவாக இருந்திருப்பீர்கள். அங்கே ஒவ்வொருவனும் ஏதோ ஒரு பள்ளியின் ராஜா. அதுவும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது முதுகலை மாணவர்களோடு ஒரே வலையில் நிற்க வேண்டும்.

இதற்கும் வயது வரம்பு 17 முதல் 25 வரை. முழுநேரமாகக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கிறவராக இருக்க வேண்டும். அண்ணாமலை என்றால் நம்மில் பாதிப் பேருக்குத் தொலைதூரக் கல்விதான் ஞாபகம் வரும், எங்கள் கிளையில் அதில் பட்டம் வாங்கிப் பதவி உயர்வு பெற்றவர்களை விரல் விட்டு எண்ண முடியாது. "அங்கே தபாலில் சேர்ந்துவிடுகிறேன், முழு நேரமும் பயிற்சி செய்கிறேன்" என்று போன வருடம் ஒரு பையன் என்னிடம் சொன்னான். தபாலில் படிக்கிறவரைப் பல்கலைக்கழக அணியில் சேர்க்க முடியாது. நல்ல வேளையாகக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே பேச்சு வந்தது.

இன்னொரு குழப்பம். விளையாட்டில் இருக்கிறவன் உடற்கல்விப் படிப்புதான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அண்ணாமலையிலும் உடற்கல்வித் துறை இருக்கிறது, சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூரில் அதற்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பயிற்சியாளராகவோ ஆசிரியராகவோ ஆக ஆசை இருந்தால் அருமையான படிப்பு. ஆனால் பி.காம். படித்துக்கொண்டே பல்கலைக்கழக அணியில் ஆடலாம், இயற்பியல் படித்துக்கொண்டே ஆடலாம். டெல்லியில் பிறந்த நம் தமிழ்ப் பையன் தேஜஸ்வின் சங்கரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், உயரம் தாண்டுகிறவர். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகையோடு போனார். 2018இலும் 2022இலும் அந்த நாட்டுக் கல்லூரிகளுக்கான போட்டியில் முதலிடம், 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் வெண்கலம். அவர் படித்தது நம்ம சப்ஜெக்ட், கணக்கியல். ஒரு பி.காம்.காரன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

அமெரிக்கா என்றதும் ஒன்று. அங்கே கல்லூரிப் பயிற்சியாளரே பிள்ளைகளைத் தேடி வருகிறார் என்று நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சினர் பெருமையாகச் சொல்வார். உண்மைதான். ஆனால் அங்கேயும் முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் முடித்து, 4க்கு 2.3 சராசரியாவது வாங்கியிருக்க வேண்டும். படிக்காமல் விளையாட்டை மட்டும் வைத்து உள்ளே போகிற வாசல் அங்கேயும் இல்லை.

சரி, உடம்புக்கு வருகிறேன். இதை நான் சொல்லவில்லை, என்னோடு காலையில் நடக்கிற ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் சொல்லச் சொன்னது. நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பரில் ஷூவைக் கழற்றிப் பரணில் போடுகிறார்கள். பரீட்சை மார்ச்சில் முடியும். பிறகு "பாவம், பிள்ளை ஓய்வெடுக்கட்டும்" என்று இரண்டு மாதம். ஜூலையில் கல்லூரி. ஆறேழு மாதம் ஓடாத உடம்பு. ஓட்டத்தை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சுத் திறன் இறங்க ஆரம்பித்துவிடும் என்கிறார் அவர். ஆறு மாதம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கல்லூரியில் சேர்ந்த சில வாரத்திலேயே தேர்வு வைத்துவிடுவார்கள். பழைய நினைப்பில் முதல் நாளே முழு வேகத்தில் ஓடுவான், தொடைச் சதை பிடித்துக்கொள்ளும். முதல் வருடம் முடிந்தது.

பரீட்சை நேரத்தில் முழுவதும் நிறுத்தாதீர்கள். தினம் முப்பது நாற்பது நிமிடம் போதும். கயிறு தாண்டுதல், தண்டால், உட்கார்ந்து எழுவது, மெதுவான ஓட்டம். அந்த நாற்பது நிமிடத்தில் மார்க் குறைந்துவிடாது என்று பின்வரிசைக்கு என் பென்ஷன் மேல் சத்தியம் செய்கிறேன். பரீட்சை முடிந்ததும் முதல் இரண்டு வாரம் வேக நடையும் மெதுவான ஓட்டமும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம். குதிக்கிற பயிற்சி எல்லாவற்றுக்கும் கடைசியில். சில்வர் பீச் மணலில் ஓடுவது நல்லதுதான், ஆனால் மெத்தென்ற மணலில் தினமும் ஓடினால் குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் போதும். ஈரமான கெட்டி மணலைப் பார்த்து ஓடுங்கள்.

சித்திரை வைகாசி வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊரில் வெயிலைவிடப் புழுக்கம் பொல்லாதது, வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிட வேண்டும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், எதுவானாலும் சரி. தலை சுற்றினால், குமட்டினால், வீரம் காட்டாமல் நிழலுக்குப் போய் ஈரத்துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பேச்சில் தடுமாறினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி.

ஒரு சின்ன வேலை சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சுவர் ஓரமாக நின்று கையை உயர்த்தி எட்டுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு நின்ற இடத்திலிருந்து குதித்து எட்டுகிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மாதம் ஒருமுறை. பாஸ்புக் மாதிரி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று உங்களுக்கே தெரியும். பி பிளாக் பின்சுவரில் கோடு கிழித்தது யார் என்று வாட்ஸ்அப் குழுவில் மார்ச் மாதம் ஒரு விசாரணை நடந்தது. கிழிக்கச் சொன்னது நான்தான்.

சாப்பாட்டுக்கு நீண்ட பட்டியல் வேண்டாம். முட்டை, மத்தி, நெத்திலி, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, கேழ்வரகு, பால், பழம். துறைமுகத்து ஊரில் இருந்துகொண்டு மீன் சாப்பிடுகிற வீட்டுக்காரர் டப்பாப் பொடி வாங்குவது எனக்குப் புரியவில்லை. அந்தப் பொடிகளில் ஆபத்தும் இருக்கிறது. பல்கலைக்கழக விளையாட்டுகளில் ஊக்கமருந்துச் சோதனை நடக்கிறது. ஜிம்மில் யாரோ கொடுத்த டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, மாட்டிக்கொண்டால் தெரியாது என்ற பதிலை அங்கே ஏற்க மாட்டார்கள். சளிக்கு மருந்து வாங்கினாலும் டாக்டரிடம், "நான் போட்டிக்குப் போகிறவன்" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். தூக்கம் எட்டு மணி நேரம். ஃபோன் ஹாலில் தூங்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்று என் மனைவி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெண் சீக்கிரம் களைத்துப்போனால் "சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போனாலோ மூன்று நாலு மாதம் நின்றாலோ பயிற்சியில் இருக்கிறவளுக்கு அது சகஜம் என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீட்டில் மூன்றாவதாக எழுதியிருப்பது: "பத்தாவதோடு பெண்ணை மைதானத்திலிருந்து கூப்பிட்டு வந்துவிடாதீர்கள்." இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம் எல்லாம் என்ன ஆயிற்று என்று பார்த்தவர்கள் நாம். அதற்குப் பின்வந்த வருடங்களில் கடலூரில் இந்திரா காந்தி பெயரில் உள்ள விளையாட்டு அகாடமியில் பெண் பிள்ளைகள் கால்பந்து ஆடினார்கள். சுனாமியில் பாதிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அங்கிருந்து வந்தவர்தான் இந்துமதி கதிரேசன். 1994இல் நம் கடலூரில் பிறந்தவர். இந்தியப் பெண்கள் அணியின் நடுக்கள வீராங்கனை. 2018இல் தமிழ்நாடு முதல்முறையாகத் தேசிய சீனியர் பட்டத்தை வென்றது, இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மணிப்பூர். அந்த அணியில் அவர் இருந்தார். தமிழ்நாடு காவல் துறையில் சப் இன்ஸ்பெக்டர் வேலையும் பார்க்கிறார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் மைதானத்துக்குப் போகாதே என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்திருக்கும். அடுக்குமாடியில் லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் வைத்துக்கொண்டு இருக்கிற நமக்கு என்ன காரணம்?

வேலை என்ற பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசு வேலைக்குத் தனித்தனிப் படிவங்கள் வைத்திருக்கிறார்கள். நாட்டுக்காக ஆடியவருக்கு ஒன்று, மாநிலத்துக்காக ஆடியவருக்கு இரண்டு, பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடியவருக்கு மூன்று, மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு நான்கு. கவனித்தீர்களா, பள்ளியில் மாநில அணிக்குப் போக முடியாமல் போனவருக்கும் கல்லூரியில் இன்னொரு வாசல் திறக்கிறது. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் வாலிபால், கூடைப்பந்து, ஹாக்கி அணிகள் வைத்திருந்ததை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். அப்படி வேலைக்கு வந்தவர்களோடு நான் பழகியிருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் முழங்கால் ஒத்துழைக்காமல் அவர்களும் எங்களோடு கவுண்டரில் வந்து உட்கார்ந்தார்கள். கணக்குத் தெரிந்தவர் சமாளித்தார், தெரியாதவர் சிரமப்பட்டார். ஆகவே படிப்பை விடாதீர்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு மைதானத்தைப் போய்ப் பாருங்கள். உங்கள் ஆட்டத்துக்கு அங்கே ஆள் இருக்கிறார்களா, வலை கட்டியிருக்கிறதா, பயிற்சியாளர் நிற்கிறாரா? அங்கே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்: போட்டிக்குப் போகிற நாட்களுக்கு ஆன் டியூட்டி தருகிறார்களா, அதை 75 சதவீத வருகையில் சேர்க்கிறார்களா, போட்டியால் தவறிய இன்டர்னல் தேர்வை மறுபடி வைக்கிறார்களா, ஹாஸ்டல் மெஸ் லேட்டாக வருகிறவனுக்குச் சாப்பாடு வைத்திருக்குமா? பல்கலைக்கழகப் போட்டிகளில் பல செமஸ்டர் பரீட்சையை ஒட்டித்தான் வரும். இந்தக் கேள்விகளுக்கு அலுவலக அறையில் ஒரு பதில் கிடைக்கும், மைதானத்தில் ஒரு பதில் கிடைக்கும். மைதானத்துப் பதிலை நம்புங்கள்.

சி பிளாக்கில் ஒரு பெண் இப்போது பன்னிரண்டாவது போகிறாள். யார் என்று சொல்ல மாட்டேன், அவளுக்கு வெட்கம். போன வருடம் மாவட்ட அணியில் ஆடியதற்கு வந்த சான்றிதழில் அவள் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. மறுநாளே அவள் அப்பா போய் மாற்றிக்கொண்டு வந்தார். அந்த ஒரு பயணத்துக்கு டவுன் பஸ்ஸில் எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது சங்கத்துக்கு. அடுத்த பொதுக்குழுவில் பின்பக்க வாலிபால் மணல்தரையைச் சமன் செய்து நாலு கார் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று ஒரு தீர்மானம் வருகிறது. இடநெருக்கடி எனக்கும் தெரியும், இரண்டு கார் வைத்திருப்பவர்களின் கஷ்டமும் தெரியும். அதில் ஒரு இடம் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். என் காரை வெளியே தெருவில் வேப்பமரத்தடியிலேயே நிறுத்திக்கொள்கிறேன், காக்கை எச்சம் கழுவினால் போகும். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு அந்தப் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள்.

சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை நான் வீட்டில்தான் இருப்பேன். ஏ பிளாக், தரைத்தளம். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருகிறேன். ஒரிஜினலோடு ஆதார் நகலும் கொண்டு வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.